போட்டியாளரையே விலைக்கு வாங்கினால் நமக்கு என்ன மிச்சம்?

(நம் கட்சி இணைய அணியினரிடையே ஆற்றிய உரையிலிருந்து)



இந்த உரையை உங்களில் பலர் வாட்ஸ்அப்பில்தான் பகிரப் போகிறீர்கள். பகிருங்கள். அதுக்கு முன்னாடி ஒரு கணக்கைப் பார்த்துடுவோம்.

2012-ல் இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கு வாங்கியது ஃபேஸ்புக். 2014-ல் வாட்ஸ்அப்புக்கு 1,900 கோடி டாலர் விலை பேசியது. அன்றைய மதிப்பில் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல! அப்போது அங்கே வேலை பார்த்தவர்கள் சுமார் 55 பேர். இதுக்கா இவ்வளவு காசு? வாட்ஸ்அப்பைப் பயன்படுத்திய 45 கோடிப் பேருக்குத்தான் அந்த விலை. நாளைக்குப் போட்டியா நிக்கக்கூடியவரை இன்னைக்கே வளைச்சுப் போட்டாங்க.

நம் நாட்டுச் சட்டம் என்ன செய்தது? அப்போதைய சட்டம் நிறுவனத்தின் சொத்தையும் விற்றுமுதலையும்தான் பார்த்தது. வாட்ஸ்அப்புக்கு வருமானமே சொற்பம். அதனால் இந்தியப் போட்டி ஆணையத்தின் ஒப்புதலுக்கே அந்த பேரம் வரவில்லை.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். இரண்டு கணக்குகளையும் தானாக இணைக்க முடியாது என்று 2014-ல் ஐரோப்பிய ஆணையத்திடம் சொன்னார்கள். 2016-லேயே இணைக்க வழி செய்தார்கள். தவறான தகவல் தந்ததற்காக 2017-ல் 11 கோடி யூரோ அபராதம் விழுந்தது. 2021-ல் நமக்கு ஒரு புதுக் கொள்கை வந்தது: ஏத்துக்கோ, இல்லன்னா கிளம்பு! அதற்காக 2024 நவம்பரில் நம் போட்டி ஆணையம் 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வாங்கிய விலையில் ஐநூறில் ஒரு பங்குகூட இல்லை. விளம்பரமே வராது என்று வளர்ந்த செயலியில், 2025-ல் ஸ்டேட்டஸ் பக்கத்துக்கு விளம்பரமும் வந்துவிட்டது.

"இலவசம்தானே, பிடிக்கலைன்னா வேற ஆப்புக்குப் போங்க" என்பார்கள். எங்கே போறது? பிள்ளையோட ஸ்கூல் குரூப், தெருக்காரங்க குரூப், கடைக்காரர் நம்பர் எல்லாமே அங்கதானே இருக்கு!

செல்போனில் இந்தச் சிக்கல் இல்லை. ஏர்டெல்லில் இருந்து பிஎஸ்என்எல்லுக்குப் பேசலாம். 2011 முதல் நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றலாம். சட்டம் போட்டதால் கிடைத்த உரிமை அது. மற்ற செயலிகளோடு செய்தி பரிமாற வாட்ஸ்அப் வழிவிட வேண்டும் என்று ஐரோப்பாவிலும் சட்டம் வந்துவிட்டது. நமக்கு மட்டும் ஏன் இல்லை?

2,000 கோடி ரூபாயைத் தாண்டும் பேரங்களையும் ஆணையம் ஆராயலாம் என்ற விதி இங்கே 2024 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. வரவேற்கிறோம். ஆனால், வாட்ஸ்அப் கைமாறிப் பத்து வருஷம் ஆச்சே! 2024 மார்ச்சில் வெளியிட்ட டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவு இன்னும் வரைவாகவே கிடக்கிறது.

நம் கோரிக்கைகள் இரண்டு. அந்த வரைவைச் சட்டமாக்குங்கள். எந்தச் செயலியில் இருந்தும் எந்தச் செயலிக்கும் செய்தி அனுப்பும் உரிமையை அதில் சேருங்கள்.

உங்கள் தொகுதி எம்.பி.யிடம் இந்த இரண்டையும் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.