திரும்பி வந்தவனின் மகிழ்ச்சி



இன்றைய இலக்கியச் சிந்தனைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், கிறிஸ்தவ மரபில் நன்றியறிதல் எவ்வாறு ஆன்மிக மகிழ்ச்சிக்கு வழியாகிறது என்பதாகும். சைவனான தமிழாசிரியன் ஒருவன் இதைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணலாம். எங்கள் மண்ணுக்கு இது புதிதன்று. சைவத்தைக் காக்கப் பிறந்தவர் என்று நாம் போற்றும் ஆறுமுகநாவலரே, வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உழைத்தவர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சாகியது. மேலும், நான் வளர்ந்த ஊர் கொழும்புத்துறை. யோகர் சுவாமிகள் வாழ்ந்த கொட்டிலும், புனித பிரான்சிஸ் சவேரியார் குருமடமும் உள்ள ஊர் அது. கோயில் மணியையும் தேவாலய மணியையும் ஒரே காதால் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இன்று 'நன்றி' என்றால் உதவி பெற்றவர் சொல்லும் உபசார வார்த்தை என்றே கொள்கிறோம். கூட்டத்தின் முடிவில் 'நன்றியுரை' என்று ஒன்று வரும். அதற்குள் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். வள்ளுவர் காலத்தில் அச்சொல்லின் பொருள் வேறு. 'செய்ந்நன்றி அறிதல்' என்பது திருக்குறளின் பதினோராவது அதிகாரம். அங்கே 'நன்றி' என்பது ஒருவர் நமக்குச் செய்த நன்மை. அதை நாம் செய்ய வேண்டியது 'அறிதல்'. ஆகவே நன்றியறிதல் முதலில் ஓர் அறிவு; வாய்ச்சொல் அதன் பின்னர் வருவது. நன்மை வந்த திசையை அறிந்து, அத்திசை நோக்கி முகத்தைத் திருப்புவது. எந்த அறத்தைக் கொன்றவருக்கும் உய்வு உண்டு, பிறர் செய்த நன்மையைக் கொன்றவருக்கு உய்வு இல்லை என்று அதே அதிகாரம் கடுமையாக முடிவதும் இதனாலேயே. நன்மையை அறியாதவன் அதைத் தந்தவரையும் இழந்துவிடுகிறான்.

கிரேக்கம் கற்ற குருவானவர் ஒருவர் எனக்கு ஒருமுறை விளக்கினார். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் 'கரிஸ்' என்றால் அருள். 'கரா' என்றால் மகிழ்ச்சி. 'எவ்கரிஸ்தியா' என்றால் நன்றி செலுத்துதல். மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. அருளை அறிதல் நன்றி. அவ்வறிதலில் பிறப்பது மகிழ்ச்சி. ஒரு மதத்தின் உள்ளக்கிடக்கையே மூன்று சொற்களின் உறவில் அடங்கியிருப்பதை எண்ணி அன்று நான் வியந்தேன். ஆனால் அந்த உறவை எனக்கு முதலில் காட்டியது கிரேக்கம் அன்று. எங்கள் முன்வீட்டு ஆச்சி. அதைச் சொல்லிவிட்டு வேதாகமத்துக்கு வருகிறேன்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போனதை நீங்கள் அறிவீர்கள். பலர் அதை நடந்தே அறிந்தவர்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. 1996இன் நடுப்பகுதியில் நாங்கள் ஊர் திரும்பியபோது எங்கள் வீடு நின்றது. ஓடுகள் சில உடைந்திருந்தன, யன்னல் ஒன்று இல்லை, அவ்வளவுதான். எதிரே கத்தோலிக்க ஆச்சியின் வீட்டுக்குக் கூரையே இல்லை. கிணற்றுக் கட்டு இடிந்து கல்லும் மண்ணும் கிணற்றை மூடியிருந்தன. அவருடைய மகன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன்னர் கடலுக்குத் தொழிலுக்குப் போய்த் திரும்பாதவன்.

என் அப்பம்மா சாமியறையைக் கூட்டிக் கழுவிக் கற்பூரம் கொளுத்தினார். கை தட்டி, றோட்டுக்குக் கேட்கக்கூடிய குரலில், "முருகா, எங்கட வீட்டை மட்டும் காப்பாத்தித் தந்திட்டாய்" என்றார். சொல்லும்போதே அழுதார். அது பொய்யான நன்றி அன்று. ஆனால் முன்வீட்டு ஆச்சி அப்போது எங்கள் படலையில் குடத்தோடு நின்றார், தண்ணீர் கேட்பதற்காக. அவர் கேட்டதை நான் கண்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் அள்ளிக்கொண்டு போனார்.

பொழுதுபட, குடத்தைத் தூக்கிக் கொடுக்க என்னை அனுப்பினார்கள். ஆச்சி இடிந்த சுவரோடு ஒரு தகரத்தைச் சாய்த்து, அதன் கீழே கஞ்சி காய்ச்சியிருந்தார். குடிப்பதற்கு முன் சிலுவை அடையாளம் போட்டு, கண்ணை மூடி, நன்றி சொல்லிச் செபித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆச்சி, வீடு போச்சுது. பிறகு என்னத்துக்கு நன்றி சொல்லுறியள்?" என்று கேட்டேன்.

ஆச்சி கோபிக்கவில்லை. "மோனை, வீடு போனதுக்கே நான் நன்றி சொன்னனான்? இந்தக் கஞ்சிக்குச் சொன்னனான். உங்கட கிணத்துத் தண்ணிக்குச் சொன்னனான். வீட்டுக்கு அழுகிறது வேற. அதையும் அவரிட்டைத்தான் அழுகிறன்" என்றார். பிறகு சிரட்டையில் எனக்கும் கஞ்சி ஊற்றித் தந்தார். தன் மகன் சின்னவனாக இருந்தபோது கஞ்சியில் தேங்காய்ப்பால் காணாது என்று அடம்பிடித்த கதையைச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் நான் இன்றுவரை விளங்கிக்கொள்ள முயல்கிறேன். கூரையில்லாத வீட்டில் இருந்த அவர் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. கூரையுள்ள எங்கள் வீட்டில் அன்றிரவு ஒருவரும் நிம்மதியாக உறங்கவில்லை.

இனி வேதாகமத்துக்கு வருவோம். லூக்கா எழுதிய நற்செய்தியின் பதினேழாம் அதிகாரத்தில் பத்துத் தொழுநோயாளரின் வரலாறு உண்டு. இயேசு அவர்களைக் குருக்களிடம் போய்த் தங்களைக் காட்டும்படி அனுப்புகிறார். போகும் வழியில் பத்துப்பேரும் குணமடைகின்றனர். ஒருவன் மட்டும் உரத்த குரலில் இறைவனைப் புகழ்ந்துகொண்டு திரும்பி வந்து காலில் விழுகிறான். அவன் சமாரியன், யூதர் ஒதுக்கிவைத்த இனத்தவன். மற்ற ஒன்பது பேரைக் குறைசொல்ல வேண்டாம். அவர்கள் சொன்னதைத்தான் செய்தார்கள். அவர்களின் நோயும் திரும்ப வரவில்லை. அவர்கள் நலத்தைப் பெற்றார்கள். திரும்பி வந்தவன் நலத்தைத் தந்தவரையும் பெற்றான். உன் விசுவாசம் உன்னைக் குணமாக்கிற்று என்னும் வார்த்தையைக் கேட்டவன் அவன் ஒருவனே.

அடுத்த அதிகாரத்திலேயே இன்னொருவனும் நன்றி சொல்கிறான். அவன் ஆலயத்தில் நிற்கும் பரிசேயன். தான் மற்ற மனிதரைப் போல இல்லாததற்காகவும், தூரத்தில் நிற்கும் அந்த வரிதண்டுவோனைப் போல இல்லாததற்காகவும் இறைவனுக்கு நன்றி செலுத்துகிறான். தன் நோன்புகளையும் கொடைகளையும் எண்ணிக் காட்டுகிறான். அந்த நன்றி இறைவனைச் சேரவில்லை என்கிறது கதை. கிரேக்க மூலத்தில் சமாரியனின் நன்றிக்கும் பரிசேயனின் நன்றிக்கும் ஒரே வினைச்சொல்தான் வருகிறது என்று அந்தக் குருவானவர் எனக்குக் காட்டினார். சொல் ஒன்று, நோக்கும் திசை வேறு. சமாரியன் தந்தவரைப் பார்க்கிறான். பரிசேயன் பக்கத்தில் நிற்பவனைப் பார்க்கிறான்.

நேயர்களே, என் அப்பம்மாவின் வாயில் வந்த 'மட்டும்' என்ற சொல் அந்தப் பக்கப் பார்வைதான். அப்பம்மா நல்லவர்; பரிசேயரின் செருக்கு அவரிடம் இருந்ததில்லை. அச்சத்தில் வந்த சொல் அது. போர்க்காலத்தில் நாம் எல்லோருமே அப்படி நன்றி சொல்லியிருக்கிறோம். ஷெல் பக்கத்து வளவில் விழுந்தபோது, "நல்லகாலம், எங்கட வளவுக்குள்ள விழேல்லை" என்று நெஞ்சைத் தடவியிருக்கிறோம். அது மனித இயல்பு. ஆனால் அந்த நன்றியில் மகிழ்ச்சி தங்காது. பக்கத்து வளவிலிருந்து வரும் அழுகுரல் அதைத் தின்றுவிடும். அடுத்த ஷெல் எங்கே விழும் என்ற அச்சமும் தின்றுவிடும்.

அப்படியானால் துன்பத்தில் நன்றி சொல்வது எப்படி? பவுல் அடிகளார் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதலாம் திருமுகத்தில் எப்பொழுதும் மகிழவும், இடைவிடாது செபிக்கவும், எல்லாவற்றிலும் நன்றி செலுத்தவும் சொல்கிறார். மகிழ்ச்சியும் நன்றியும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. 'எல்லாவற்றிலும்' என்ற ஏழாம் வேற்றுமையை நாம் கவனிக்க வேண்டும். 'எல்லாவற்றிற்காகவும்' என்று அங்கே இல்லை. இலக்கணம் படிப்பிப்பவனுக்கு இந்த உருபு வேறுபாடு பெரிய வேறுபாடு. இழப்புக்காக நன்றி சொல் என்று எவரையும் கேட்கவில்லை. இழப்பின் நடுவிலும் மிஞ்சியிருக்கும் நன்மையை அறி என்றே கேட்கிறது. ஆச்சி வேற்றுமை உருபு படித்தவர் அல்லர். ஆனால் வீட்டுக்கு அழுகையும் கஞ்சிக்கு நன்றியும் என்று அவர் பிரித்துக் காட்டியது இதைத்தான். அழுகையையும் நன்றியையும் ஒரே இடத்தில் அவர் வைத்தார் என்பதே இங்கு முக்கியம். பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய திருமுகமோ சிறையிலிருந்து எழுதப்பட்டது; மகிழ்ச்சி என்ற சொல் அதில் திரும்பத் திரும்ப வருகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். துன்பப்படுபவனிடம் போய், "நீ நன்றியோடு இரு" என்று உபதேசிப்பது கொடுமை. நன்றியை ஒருவன் தனக்குத்தான் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவருக்கு அது கட்டளையாகக் கூடாது. ஆச்சியும் எனக்கு உபதேசிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். பிறகு கஞ்சி தந்தார்.

கிறிஸ்தவ வழிபாட்டின் நடுவில் இருப்பதும் ஒரு நன்றிதான். கத்தோலிக்கர் நற்கருணை என்பதற்குக் கிரேக்க மூலப் பெயர் 'எவ்கரிஸ்தியா', அதாவது நன்றி செலுத்துதல். காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இரவில் இயேசு அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தி, பிட்டு, சீடருக்குக் கொடுத்தார். நம் பேச்சுவழக்கில் பாண் என்போமே, அந்த அன்றாட உணவு. நாளை என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். துன்பம் நீங்கிய பின் சொன்ன நன்றி அன்று அது; துன்பத்துக்கு முன் சொன்னது. சொன்னதும் அப்பம் பிட்கப்பட்டுப் பிறர் கைக்குப் போகிறது. நன்றி பகிர்வாக மாறும் இடத்தில்தான் மகிழ்ச்சி தொடங்குகிறது என்று அதை நான் விளங்கிக்கொள்கிறேன். ஒரு சிரட்டைக் கஞ்சி எனக்கு அதைக் காட்டியிருந்தது.

ஜேர்மனியில் ஹிட்லரை எதிர்த்ததற்காகச் சிறைப்பட்ட போன்ஹோஃபர் என்ற இறையியலாளர், 1943ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் சிறையிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். அன்புக்குரியவரின் பிரிவால் வரும் வெற்றிடத்தை எதுவும் நிரப்பாது. இறைவனும் அதை நிரப்புவதில்லை. அது வெறுமையாகவே இருப்பதால்தான் உறவும் நிலைக்கிறது. ஆனால் நன்றியுணர்வு நினைவின் வேதனையை மெல்லிய மகிழ்ச்சியாக மாற்றும் என்பது அதன் சாரம். 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி அவர் தூக்கிலிடப்பட்டார். நான் இதைப் படித்தபோது தேங்காய்ப்பாலுக்கு அடம்பிடித்த அந்தப் பிள்ளையின் கதையும் ஆச்சியின் சிரிப்பும் நினைவுக்கு வந்தன. மகன் இல்லாத இடத்தை அவர் மூடவில்லை. மகன் இருந்த காலத்தை ஒரு கொடையாக அறிந்திருந்தார்.

சைவ நேயர்களுக்கு இந்த உணர்வு அந்நியமாகத் தோன்றாது. இறைவன் தன்னையே கொடுத்து இந்த எளியவனை வாங்கிக்கொண்டான், இந்தப் பண்டமாற்றில் இலாபம் யாருக்கு என்று மணிவாசகர் கேட்கும் இடம் உங்களுக்கு நினைவிருக்கும். அங்கும் நன்றியே இன்பமாகிறது. அந்தத் திருவாசகத்தை ஆங்கிலமாக்கி 1900இல் வெளியிட்டவர் ஜி. யு. போப் என்னும் கிறிஸ்தவக் குரு. இரு சமயங்களும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. சிலுவையை நடுவில் வைத்துப் பேசும் நன்றிக்கு அதற்கேயுரிய தனித்தன்மை உண்டு. ஆனால் அடுத்த வீட்டாரின் விளக்கொளியில் நம் வீட்டு ஏட்டையும் வாசிக்கலாம் என்பது என் அனுபவம்.

கதையின் மிச்சத்தைச் சொல்லி முடிக்கிறேன். ஆச்சி சொன்னதை நான் வீட்டில் வந்து சொன்னேன். அப்பம்மா ஒன்றும் பேசாமல் இருந்தார். மறுநாள் காலையில் அப்பாவையும் சித்தப்பாவையும் எழுப்பி, ஆச்சியின் கிணற்றை இறைத்துக் கல்லை எடுக்க அனுப்பினார். அவ்வேலை ஆறு நாள் நடந்தது. தண்ணீர் தெளிந்த அன்று மாலை அப்பம்மா விளக்கேற்றி முருகனுக்கு நன்றி சொன்னார். அதே வசனம்தான் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று அதில் 'மட்டும்' இல்லை.

அப்பம்மாவும் இன்றில்லை, ஆச்சியும் இன்றில்லை. செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தை வகுப்பில் படிப்பிக்கும் ஒவ்வொரு வருடமும் இருவரையும் நினைக்கிறேன்.