பசிக்கு உணவு, அச்சத்திற்கு அபயம்: கஜகி அணையின் கதை



சூரா குறைஷை நம் இல்லங்களில் சிறு பிள்ளைகளும் மனனமாக ஓதுகின்றனர். மக்காவாசிகளுக்கு அதில் நினைவூட்டப்படும் நிஃமத்துகள் இரண்டு: பசிக்கு உணவு, அச்சத்திற்கு அபயம். இன்றைய உலக அரசியலில் முன்னதை வளர்ச்சி என்றும் பின்னதைப் பாதுகாப்பு என்றும் கூறுகின்றனர். இரண்டும் இணைபிரியாதவை என வல்லரசுகளும் சொல்கின்றன. அது உண்மையே. ஆனால் யாருடைய பாதுகாப்பு என்று கேட்டால்தான் விஷயம் விளங்கும். ஆஃப்கானிஸ்தானில் ஹெல்மந்த் நதியின் மீதுள்ள கஜகி அணையை எடுத்துக்கொள்வோம்.

1946-இல் மன்னர் ஜாஹிர் ஷாவின் அரசு, மோரிசன் நுட்சன் என்னும் அமெரிக்க நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. இத்திட்டத்தை எவரும் திணிக்கவில்லை; ஆஃப்கானியரே விரும்பினர். உலகப் போர்க் காலத்தில் கரகுல் ஆட்டுத்தோல் ஏற்றுமதியில் சேர்ந்த பணமே தொடக்க முதலீடாக அமைந்தது. அமெரிக்கக் கடன் பிறகுதான் வந்தது. பனிப்போர் சூடுபிடித்ததும், ரஷ்யர் வடக்கே சாலை போட்டால் அமெரிக்கர் தெற்கே சாலை போடுவது என்ற போட்டி தொடங்கியது. 1953-இல் அணை எழுந்தது. ஆயினும் மண்ணின் தன்மை சரிவர ஆராயப்படாததால், பாசன நிலங்கள் பலவற்றில் நீர் தேங்கி உப்புப் பூத்தது. 1975-இல் மின் உற்பத்திக்காக இரண்டு டர்பைன்கள் அமைக்கப்பட்டன. மூன்றாவதற்கான இடம் காலியாகவே இருந்தது.

1979-இல் சோவியத் படை புகுந்தது; பின்னர் உள்நாட்டுப் போர். 2001-இல் அமெரிக்கப் படை வந்தது. 2006-இல் பிரிட்டிஷ் படை ஹெல்மந்தில் நிலைகொண்டது. அந்தக் காலியிடம் அப்போது மீண்டும் நினைவுக்கு வந்தது.

2008 ஆகஸ்டு இறுதியில், சீனாவில் செய்யப்பட்ட டர்பைனின் பாகங்களைச் சுமந்தவாறு ஏறத்தாழ 100 வாகனங்கள் காந்தஹாரிலிருந்து புறப்பட்டன. 4,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் காவல் புரிந்தனர். கண்ணிவெடிகளுக்கு அஞ்சி, நெடுஞ்சாலையை விட்டுப் பாலைவனத்தின் ஊடே சென்றனர். வழியில் சண்டைகள் நடந்தன. செப்டம்பர் தொடக்கத்தில் டர்பைன் கஜகியை அடைந்தது. பெரும் வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அதைப் பொருத்துவதற்கு நூற்றுக்கணக்கான டன் சிமெண்டு தேவைப்பட்டது. சிமெண்டு வரவேண்டிய சாலையோ தாலிபான்களின் பிடியில் இருந்தது. பொருத்த வந்த சீன நிறுவனத்தார் வெளியேறிவிட்டனர். பாகங்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தன. பிரிட்டிஷ் படை 2014-இல் ஹெல்மந்தை விட்டு அகன்றது. டர்பைன் இயங்கியது 2016-இல்! இதற்கிடையே, அணையின் மின்சாரத்திற்குத் தம் வசமிருந்த ஊர்களில் தாலிபான்களே கட்டணம் வசூலித்து வந்தனர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சகோதரர்களே! இதை வெறும் நிர்வாகக் குறைபாடு என்று நான் கருதவில்லை. 2009-இல் அமெரிக்கத் தரைப்படை தன் தளபதிகளுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. பணத்தை ஓர் ஆயுதமாகக் கையாள்வது எப்படி என்பதே அதன் பொருள், தலைப்பும் அதுவே. எதிரியிடமிருந்து கிராமத்தைப் பிரித்தெடுக்கவே அங்கே பள்ளிக்கூடமும் வாய்க்காலும் கட்டப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்ட கிராமம் மறுதரப்பின் கண்ணில் குற்றவாளியாகிவிடும். அபயம் கிடைப்பதற்குப் பதிலாக அச்சமே கூடியது. மேலும், போர் மூண்ட தெற்கு மாகாணங்களில் பணம் கொட்டப்பட்டது. பாமியானைப் போன்று அமைதி நிலவிய பகுதிகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. அமைதியாக வாழ்ந்தவர்களுக்கு இது என்ன செய்தியைச் சொல்லியிருக்கும்?

மறுகட்டமைப்புக்கென இருபது ஆண்டுகளில் ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 14,500 கோடி டாலர் என்று அமெரிக்க அரசின் சிறப்புத் தணிக்கை அமைப்பே 2021-இல் அறிவித்தது. அதில் பாதிக்கும் மேற்பட்டது ஆஃப்கான் படைக்கும் காவல்துறைக்கும் சென்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 15-இல் காபூல் வீழ்ந்தபோது அந்தப் படை கலைந்துபோனது.

பின்னர் நடந்ததைக் கவனியுங்கள். ஆஃப்கான் மத்திய வங்கி அமெரிக்காவில் வைத்திருந்த சுமார் 700 கோடி டாலர் முடக்கப்பட்டது. அது பொதுமக்களின் சொத்து, அமானிதம். 2022 பிப்ரவரியில் அதிபர் பைடன் அதில் பாதியைத் தனியே பிரித்தார். மறுபாதி, செப்டம்பர் 11 தாக்குதலில் பாதிக்கப்பட்டோர் தொடுத்த வழக்குகளுக்காக நிறுத்தி வைக்கப்பட்டது. அத்தாக்குதல் நடந்தபோது அந்நாட்டு மக்களில் பெரும்பகுதியினர் பிறந்திருக்கவும் இல்லை.

வாஷிங்டனை மட்டும் குறை கூறிவிட்டு எழுந்து செல்வது நீதியாகாது. 2021-இல் பெண்பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளிகளையும், 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களையும் மூடியவர்கள் காபூலின் ஆட்சியாளர்கள். அவர்கள் மார்க்கத்தின் பெயரையே சொன்னார்கள். தம் ஆட்சியின் பாதுகாப்பை முன்னிறுத்தி மக்களின் வளர்ச்சியைப் பலியிடுவது வல்லரசுகளுக்கு மட்டும் உரிய பழக்கமன்று.

2021-22 குளிர்காலத்தில் குண்டுவீச்சு நின்றிருந்தது; சாலைகளில் முன்பிருந்த அச்சம் குறைந்திருந்தது. அதே குளிர்காலத்தில் 2 கோடியே 28 லட்சம் பேர், அதாவது நாட்டு மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர், கடும் உணவுப் பற்றாக்குறைக்கு ஆளாவர் என ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டிருந்தன.