அமிலத்தை ஏற்றவும் இறக்கவும் ஒரே கிருமி



ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சென்னையின் பெரிய ஆஸ்பத்திரிகளில் அல்சர் ஆபரேஷன் என்பது அன்றாட வேலை. இரைப்பைக்குச் செல்லும் வேகஸ் நரம்பை வெட்டி அமிலத்தைக் குறைப்பார்கள். அரிசி உண்ணும் தென்னாட்டில் முன்சிறுகுடல் புண் அதிகம் என்று மருத்துவர்கள் அப்போதே குறித்திருந்தார்கள். பழி மட்டும் காரத்தின் மேலும் கவலையின் மேலும் விழுந்தது.

1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணமான ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. அப்படியானால் அமிலம் குறையத்தானே வேண்டும்? கிருமி எங்கே குடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரைப்பையின் அடிப்பகுதியில் அழற்சி மிகுந்தால், அமிலத்துக்குப் பிரேக் போடும் சொமட்டோஸ்டாட்டின் குறையும், அமிலத்தைத் தூண்டும் கேஸ்ட்ரின் பெருகும், மேற்பகுதிச் செல்கள் அமிலத்தைக் கொட்டும். அது முன்சிறுகுடலில் இறங்கிப் புண்ணாக்கும். பசித்தால் வலி, சாப்பிட்டால் அடங்கும், நடுராத்திரியில் எழுப்பும் என்று சொல்பவர்களில் பலர் இந்த வகை.

அழற்சி மேற்பகுதிக்கும் பரவினால் கதை தலைகீழ். அமிலம் சுரக்கும் செல்களே நலிந்து, அமிலம் குறைகிறது. இரைப்பையிலேயே புண் வரலாம். பல்லாண்டுகளில் சிலருக்குப் புற்றுநோயாகவும் முடியலாம். 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் பதிவேட்டில், சென்னை ஆண்களிடையே இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலம் முன்வரிசையில் இருந்தது என்பதால் இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. கிருமி உள்ள பெரும்பாலோருக்குப் புண்ணோ புற்றுநோயோ வருவதில்லை என்பதும் உண்மை.

மயிலாப்பூரிலும் தி. நகரிலும் மருந்துக் கடைக்காரரிடம், "ஒரு கேஸ் மாத்திரை குடுங்க" என்று வாங்கிப் போகிறவர்கள் ஏராளம். அது அமிலத்தை அடக்கும், கிருமியைத் தொடாது. பான்ட்டோபிரசோல் போன்ற மாத்திரைகள் கிருமியைச் சோதனையிலிருந்து மறைத்தும் விடும். ஆகவே கிருமியைக் கண்டறியும் மூச்சுச் சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே, மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அவற்றை நிறுத்த வேண்டும். கிருமி இருந்தால் ஆன்டிபயாட்டிக் உட்பட வழக்கமாக 14 நாள் மருந்து. வலி நின்றாலும் கடைசி மாத்திரை வரை சாப்பிட வேண்டும். முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும்.