ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை என்ன?

ஆலையில் சங்கு ஊதுகிறது. கதிரும் தறியும் ஓடத் தொடங்குகின்றன. வயலில் ஸ்விட்சைத் தட்டுகிறோம். பம்ப் செட் தண்ணீரைக் கொட்டுகிறது. இந்த மின்சாரம் வானத்திலிருந்து விழுகிறதா? இல்லை. இந்திய மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியை எரித்தே வருகிறது. நம் தமிழ்நாட்டில் நெய்வேலியே இதற்குச் சாட்சி.

அங்கே பூமிக்கடியில் கிடப்பது பழுப்பு நிலக்கரி. அதில் பாதி ஈரம். 1 டன் எடுக்க 5 கன மீட்டருக்கு மேல் மண்ணை அகற்ற வேண்டும். அடியிலுள்ள ஊற்று நீர் பெரும் வேகத்தோடு மேலே முட்டுகிறது. இரவு பகலாக அதை இறைத்தால்தான் சுரங்கம் மூழ்காமல் நிற்கும். கரியைப் பொடித்துப் பாய்லரில் எரித்தால் தண்ணீர் நீராவியாகிறது. நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது. டர்பைன் ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. எரிந்த சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. 1 யூனிட்டுக்குச் சுமார் 1 கிலோ கரி!

நெய்வேலி நிறுவனம் 1956-இல் பொதுத்துறையில் பிறந்தது. சோவியத் யூனியன் உதவியோடு எழுந்த முதல் அனல் மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தந்தது; 1970-இல் 600 மெகாவாட்டாக வளர்ந்தது. நம் ஆலைகளையும் கிணறுகளையும் ஓட்டிய அந்த நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது.

இதெல்லாம் பெருமைதான். ஆனால் விலை கொடுத்தவர் யார்?

2020 மே மாதம் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தது. இரண்டு மாதம் முடியுமுன், ஜூலை 1 அன்று, அதே நிலையத்தில் மீண்டும் வெடித்தது. அன்றே 6 பேர் மாண்டனர். காயமடைந்தவர்களில் மேலும் பலர் பின்னர் உயிரிழந்தனர். மாண்டவர்களில் ஒப்பந்தத் தொழிலாளரும் உண்டு. நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கூலி வேறு. நெருப்பு மட்டும் ஒன்று!

2023 ஜூலையில் வளையமாதேவியில், முன்பே கையகப்படுத்திய நிலம் என்று சொல்லி, வளர்ந்து நின்ற நெற்பயிரின் மேல் மண்வாரி யந்திரங்கள் ஏறின. பட்டாதாரருக்கு இழப்பீடு என்று ஒன்று உண்டு. அந்த வயலில் கூலிக்கு நாற்று நட்டவருக்கு என்ன உண்டு? மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயத் தொழிலாளியையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகவே 2013-ஆம் ஆண்டின் மத்திய நிலச் சட்டம் கருதுகிறது. ஏட்டில் இருந்தால் போதுமா? கேட்டுப் பெற வேண்டாமா?

கரிப் புகை காற்றைக் கெடுக்கிறது, பூமியைச் சூடாக்குகிறது. மழை தவறினால் முதலில் வேலை இழப்பவர் விவசாயக் கூலிகளே. ஆகவே காற்றும் வெயிலும் தரும் மின்சாரம் பெருகட்டும். ஆனால் இரவிலும் காற்றடிக்காத நாளிலும் ஆலை ஓட வேண்டுமே! கரி ஒரே நாளில் போய்விடாது. போகும்போது தொழிலாளியைத் தெருவில் விட்டுப் போகவும் கூடாது.

நாம் கேட்பது மூன்று. பாய்லர் பக்கம் நிற்பவருக்கு நிரந்தர வேலையும் பாதுகாப்பும். நிலத்தை இழந்தவருக்கும், அந்த நிலத்தில் வேலையை இழந்தவருக்கும் மறுவாழ்வு. பழைய நிலையத்தை மூடுமுன் அதன் தொழிலாளருக்கு மாற்று வேலை.

தோழர்களே! ஒரே கம்பியின் ஒரு முனையில் சுரங்கத் தொழிலாளி. மறு முனையில் ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும். கம்பி நம்மை இணைத்துவிட்டது. சங்கமும் இணைக்கட்டும்!