தினைப்புனத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு



வள்ளி திருமணம் நாடகம் உங்களுக்குத் தெரியாததல்ல. பரண்மேல் நின்று வள்ளி ஆலோலம் பாடிக் குருவி ஓட்டுவாள். விடிய விடியப் பார்த்து ஊருக்கே மனப்பாடமான கதை. அந்தத் தினைப்புனத்துக்குள் தன் பாட்டில் ஒரு வெள்ளைக் கொக்கைப் பறக்கவிட்டார் நாடக நடிகர் தியாகி விஸ்வநாத தாஸ். ஜாலியன்வாலாபாக்கில் சிந்திய ரத்தம் காயாத காலம். அந்தக் கொக்கு வெள்ளைக்காரன்தான் என்று மண்தரையில் உட்கார்ந்திருந்தவனுக்கும் புரிந்தது, ஓரமாய் நின்ற போலீசுக்கும் புரிந்தது.

சிவகாசியில் முடிதிருத்தும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சாதியைச் சொல்லி அவரோடு நடிக்க மறுத்தவர்கள் உண்டு. வெள்ளைக்காரனிடம் சிறை, சொந்த ஜனத்திடம் அவமானம், இரண்டையும் தாங்கிக்கொண்டு பாடினார். 1940 டிசம்பர் 31, சென்னை ராயல் தியேட்டர். முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தவரின் உயிர் அந்த மேடையிலேயே பிரிந்தது.

ஒரு பாடகனின் கைதைப் பத்திரிகையில் படித்தால் அது வெறும் செய்தி. மேடையில் அப்படியல்ல; நம் கண்ணெதிரே, மூச்சு வாங்க, வியர்வை வழிய ஒருவன் பாடுகிறான். பாதிப் பாட்டில் அவனை இழுத்துப் போகிறார்கள். அதைப் பார்த்தவன் வீட்டுக்குப் போய் எப்படித் தூங்குவான்?

ஆட்சியாளர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 1876இல் வெள்ளைக்காரன் நாடகத்துக்குத் தடைச்சட்டம் போட்டான். சுதந்திரம் வந்தபிறகு, 1954இல், எம்.ஆர்.ராதாவின் நாடகங்களுக்கு மிரண்டு நம்மவர்களே இன்னொன்று போட்டார்கள். எழுத்தாளர் ஞாநி வழக்குத் தொடுத்து, 2013இல்தான் உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. சும்மா பொழுதுபோக்குக்கா இத்தனை காவல்?

ஆட்சியை மிரட்டும் மேடை, மக்களை எழுப்பவும் செய்யும். அறிவொளி எழுத்தறிவு இயக்க நாட்களில் புதுக்கோட்டைக் கிராமங்களுக்குக் கலைக்குழுக்கள்தான் முதலில் போயின. ஆட்டமும் பாட்டும் பார்க்க வந்த பெண்கள் சிலேட்டை எடுத்தார்கள், பிறகு சைக்கிளையும் எடுத்தார்கள். ஆயிரக்கணக்கில்!

இன்னும் சற்று நேரத்தில் நம் பிள்ளைகள் கூவத்தைப் பற்றி நாடகம் போடப் போகிறார்கள். நம் பூந்தமல்லிக்குப் பக்கத்தில், திருவேற்காட்டை ஒட்டி ஓடுகிற அதே கூவம். ஒத்திகை பார்த்தேன். ஆறாக நடிக்கும் சிறுமி முதலில் நீலச் சேலையை விரித்து ஓடி வருகிறாள். ஒவ்வொருவராக வந்து அதன்மேல் குப்பை கொட்ட, கடைசியில் அவள் முகமே மூடிப்போகிறது. யாராவது எழுந்து வந்து அந்தக் குப்பையை அள்ளும்வரை அப்படியே கிடப்பாள், நாடகம் முடியாது. உட்கார்ந்தே இருந்துவிடாதீர்கள்.