நடக்காத மாரத்தான்

புயல் அடிச்ச ஊர்ல மாரத்தான் நடத்தலாமா, கூடாதா? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு நியூயார்க்தான் ஞாபகத்துக்கு வரும். நானும் ஓடுறவன்தான், அதனால ஓட்டக்காரங்க பக்கம் கொஞ்சம் சாய்வேன். முதல்லயே சொல்லிடறேன்.

2012 அக்டோபர் 29, திங்கட்கிழமை ராத்திரி. சாண்டி புயல் நியூ ஜெர்சியில கரையைக் கடந்தது. கடல் தண்ணி நியூயார்க்குக்குள்ள ஏறி சப்வே சுரங்கங்கள்ல புகுந்துடுச்சு. மன்ஹாட்டனோட தெற்குப் பகுதி இருட்டாயிடுச்சு. நகரத்துல மட்டும் 40 பேருக்கு மேல இறந்தாங்க. அதுல கிட்டத்தட்ட பாதிப் பேர் ஸ்டேட்டன் தீவுல.

நியூயார்க் மாரத்தான் நவம்பர் 4, ஞாயித்துக்கிழமை. நடுவுல ஆறே நாள். அந்த ஓட்டம் தொடங்குற இடமும் அதே ஸ்டேட்டன் தீவுதான்.

மேயர் ப்ளூம்பெர்க் ஓட்டம் நடக்கும்னு அறிவிச்சார். 2001ல இரட்டைக் கோபுரம் விழுந்த எட்டாவது வாரத்துலயே மாரத்தான் நடந்துச்சு, நகரத்துக்கு அது தெம்பு குடுத்துச்சுங்கிறது அவர் வாதம். அப்புறம் வருமானம். ஒரு வாரமா வியாபாரம் இல்லாத ஓட்டல்காரர், டாக்ஸிக்காரர் எல்லாருக்கும் அந்த ஒரு வாரக்கடைசி பெரிய விஷயம். இதை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன்.

ஆனா எட்டு வாரமும் ஆறு நாளும் ஒண்ணா? வியாழக்கிழமை கூட ஸ்டேட்டன் தீவுல உடல்களைத் தேடி எடுத்துட்டு இருந்தாங்க. அதே நேரம் ஓட்டம் முடியுற சென்ட்ரல் பார்க்ல கூடாரம் போட்டு, ஜெனரேட்டர் இறக்கியிருந்தாங்க. அது பத்திரிகையில முதல் பக்கப் படமா வந்ததும் ஊரே கொதிச்சுப் போச்சு. 'நாங்க தனியா வாடகைக்கு எடுத்ததுங்க'ன்னு சொன்னாங்க அமைப்பாளர்கள். கணக்குப்படி சரிதான். லிஃப்ட் ஓடாம பதினஞ்சாவது மாடிக்குத் தண்ணி தூக்கிட்டுப் போறவர்கிட்ட அந்த வாடகை ரசீதைக் காட்ட முடியுமா?

இதுல ஒண்ணு கவனிங்க. அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி மாடிசன் ஸ்கொயர் கார்டன்ல கூடைப்பந்து ஆட்டம் நடந்துச்சு. ஞாயித்துக்கிழமை நியூ ஜெர்சியில ஃபுட்பால் ஆட்டமும் நடந்துச்சு. அதுக்கெல்லாம் இவ்வளவு எதிர்ப்பு வரல. ஏன்னா அது நாலு சுவத்துக்குள்ளயோ ஒரு ஸ்டேடியத்துக்குள்ளயோ முடிஞ்சுடும். மாரத்தானுக்கு மைதானமே ஊர்தான். 42 கிலோமீட்டர் ரோடு, தெருமுனைக்குத் தெருமுனை போலீஸ், ஆம்புலன்ஸ், லாரி லாரியா தண்ணி. வெராசானோ பாலத்தை வேற மூடணும். ஸ்டேட்டன் தீவுல இருந்து நகரத்தோட மத்த பகுதிகளுக்கு நேரா போக ரோடுன்னு இருக்கறது அந்த ஒரு பாலம்தான்! எனக்கு முடிவு அங்கயே கிடைச்சுடுச்சு. துக்க வீட்டுல கொண்டாட்டம் சரியாங்கிற விவாதத்துக்குள்ள போகவே தேவையில்ல. மீட்பு வேலைக்கு வேண்டிய அதே ரோடும் அதே ஆளும் ஓட்டத்துக்கும் வேணும்னா, ஓட்டம்தான் வழி விடணும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரத்து பண்ணாங்க. முடிவு சரி, நேரம்தான் ரொம்ப மோசம். அதுக்குள்ள உலகம் முழுக்க இருந்து ஆயிரக்கணக்கானவங்க விமானம் ஏறி வந்து இறங்கிட்டாங்க. மாசக்கணக்கா ட்ரெயினிங், சேர்த்து வெச்ச காசு. அவங்க கோபத்தை சுயநலம்னு நான் சொல்ல மாட்டேன். இதையே செவ்வாய்க்கிழமை சொல்லியிருந்தா பாதிப் பேர் வீட்டுலயே இருந்திருப்பாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில என்ன ஆச்சுன்னா, சில பேர் சென்ட்ரல் பார்க்ல தாங்களாவே ஓடினாங்க. ஆயிரம் பேருக்கு மேல முதுகுப் பையில சாமான்களை நிரப்பிக்கிட்டு, படகு ஏறி ஸ்டேட்டன் தீவுக்குப் போனாங்க. தண்ணி புகுந்த தெருக்களுக்கு ஓடியே போய்க் குடுத்தாங்க. அன்னைக்கு யாரும் நேரம் குறிச்சு வைக்கல, மெடலும் தரல.

அடுத்த வருஷம் மாரத்தான் அதே ஸ்டேட்டன் தீவுல இருந்து கிளம்புச்சு. 50,000 பேருக்கு மேல ஓடி முடிச்சாங்க.