கிரேன்கள் பரவுமுன் வந்த ஒப்பந்தம்



1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 கன்டெய்னர் பெட்டிகளுடன் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. மூட்டை மூட்டையாக ஏற்றியிருந்தால் டன்னுக்கு 5 டாலர் 86 சென்ட் ஆகியிருக்கும். பெட்டியில் ஏற்றியபோது 16 சென்ட்கூட ஆகவில்லை. கணக்கு இத்தனை தெளிவாக இருந்தும் உலகின் துறைமுகங்கள் உடனே மாறிவிடவில்லை. ஏன் என்று பல ஆண்டுகளாக யோசித்து வருகிறேன்.

லண்டனைப் பாருங்கள். தேம்ஸ் நதி முகத்துக்கு அருகே டில்பரியில் புதிய கன்டெய்னர் தளம் கட்டினார்கள். பணம் இருந்தது, கிரேன் இருந்தது. ஆனால் 1968 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொழிற்சங்கம் அங்கே பெட்டியைத் தொட மறுத்தது. அவர்களைப் பிற்போக்காளர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது பேர் பார்த்த வேலையை ஓர் இயந்திரம் செய்யப்போகிறது என்றால் அந்த இருபது வீடுகளில் அடுப்பு எப்படி எரியும் என்று யாராவது பதில் சொல்ல வேண்டாமா? அதற்குள் ஃபீலிக்ஸ்டோ என்ற சின்னஞ்சிறு துறைமுகம் முந்திக்கொண்டது. இன்று பிரிட்டனின் மிகப் பெரிய கன்டெய்னர் துறைமுகம் அதுதான். லண்டனின் பழைய கப்பல்துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசியாக 1981இல் ராயல் டாக்ஸும் ஓய்ந்தது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் கதை வேறாகப் போனது. ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான துறைமுகத் தொழிற்சங்கம் 1960இல் முதலாளிகளுடன் ஓர் ஒப்பந்தம் போட்டது. இயந்திரம் வரலாம், அதனால் மிச்சமாகும் பணத்தில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும் என்பது அதன் சாரம். முதலாளிகள் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் அளவில் ஒரு நிதிக்குப் பணம் கட்டினார்கள். பதிவுபெற்ற தொழிலாளிக்குக் குறைந்தபட்ச வருமானத்துக்கு உறுதி கிடைத்தது. முன்கூட்டியே ஓய்வுபெற விரும்பியவர்களுக்கு அதற்கான தொகை கிடைத்தது. பதிவு இல்லாத இளைஞர்களை அது கைவிட்டது என்ற குறை உண்மைதான். ஆனாலும் கிரேன்கள் எங்கும் பரவுவதற்கு முன்பே ஒப்பந்தம் வந்துவிட்டது. நான் படித்த துறைமுக வரலாற்றில் மிகவும் மதிக்கும் செயல் அது.

சிங்கப்பூரைக் கன்டெய்னர் பக்கம் தள்ளியது வேறொன்று. பிரிட்டிஷ் படைத்தளம் காலியாகப் போகிறது, பிழைப்புக்கு வழி தேட வேண்டும். எந்தக் கப்பல் கம்பெனியும் உறுதி தராத நிலையிலேயே உலக வங்கியில் கடன் வாங்கித் தஞ்சோங் பகாரில் கன்டெய்னர் தளம் கட்டினார்கள். 1972 ஜூன் 23 அன்று 'நிஹோன்' என்ற முதல் கப்பல் 300 பெட்டிகளுடன் வந்தது. பிழைப்பு கைநழுவிவிடுமோ, பக்கத்து வீட்டுக்காரர் முந்திவிடுவாரோ என்ற கவலைக்கும் துறைமுகத்தை மாற்றும் பலம் உண்டு. தூத்துக்குடியில் ஏற்றும் பெட்டிகளில் கணிசமானவை கொழும்பில் கப்பல் மாறிப் போவதைப் பார்க்கும் நமக்கு அந்தக் கவலை புரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐ.பி.எம்மும் மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும் சேர்ந்து 2018இல் 'டிரேட்லென்ஸ்' என்ற டிஜிட்டல் தளத்தைக் கொண்டுவந்தன. கப்பல், துறைமுகம், சுங்கம் எல்லாவற்றின் ஆவணங்களும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் தொழில் போட்டியாளர் நடத்தும் இடத்தில் தன் சரக்கு விவரத்தை யார் மனதார வைப்பார்? 2023 தொடக்கத்தில் அது மூடப்பட்டது. மென்பொருளில் எந்தப் பழுதும் இல்லாமலேயே ஒரு தொழில்நுட்பம் தோற்கலாம் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் இந்த ஆண்டே ஏதாவது ஒரு துறைமுகத்தில் வேலைக்குச் சேர்வீர்கள். புதிய திட்டம் ஒன்று உங்கள் மேசைக்கு வரும். கையெழுத்துப் போடுமுன் ஓர் இரவு துறைமுக வாசலுக்கு வெளியே போய் நில்லுங்கள். அங்கே டிரெய்லர் வரிசையில் ஓட்டுநர் ஒருவர் ஸ்டீயரிங்கில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் விழித்ததும் எத்தனை மணி நேரமாகக் காத்திருக்கிறார் என்று கேளுங்கள். நீங்கள் கொண்டுவரப்போகும் திட்டத்தால் அது எவ்வளவு குறையும் என்று அவரிடமே சொல்லிப் பாருங்கள்.